பத்துக்கு எத்தனை

கடல் காற்றில் கதவுத் தாழ்ப்பாள்கூடத் துருப்பிடிக்கிற ஊர் அது. அங்கே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவிலியர் கல்லூரி ஒன்று இருந்தது. அதில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் ஹெப்சிபா.

ஐம்பதைத் தாண்டியவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ரூபன், சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. கப்பல் ஏதாவது ஒரு கரையை ஒட்டி வந்தால்தான் போன் கிடைக்கும். அது எப்போது என்று அவனுக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. அதனால் வகுப்பு நடக்கும்போதும் அவள் போன் மேசைமேல் முகத்தைக் காட்டிக்கொண்டே கிடக்கும். பிள்ளைகளுக்கெல்லாம் அது தெரியும்.

ஹெப்சிபா விடியற்காலையில் ஜெபம் பண்ணுகிறவள். முன்பெல்லாம் முழங்கால் போட்டு ஜெபித்தாள். வலது முட்டு மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடியே. முதல் ஜெபம் கப்பலுக்கு. அதை முடித்துவிட்டு இன்னொன்றும் கேட்பாள்.

"ஆண்டவரே, ஒரு பிள்ளையாவது, ஒரே ஒரு தடவை, நான் கேக்காம தானா எங்கிட்ட இங்கிலீஷ்ல ஏதாவது பேசட்டும்."

கேட்க இது சின்ன ஆசைதான். ஆனால் இத்தனை வருஷ வேலையில் அது நடக்கவே இல்லை. எஸ் மேம், நோ மேம், பிரசன்ட் மேம். இந்த மூன்றுக்கு மேல் எந்தப் பிள்ளையும் தானாக வாய் திறந்ததில்லை. எழுப்பிக் கேள்வி கேட்டால் சுவரைப் பார்க்கும். வற்புறுத்தினால் கைடில் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கும். வகுப்பு விட்டு வெளியே போனதும் பார்க்க வேண்டும், அதே பிள்ளைகள் வாய் ஓயாது. வராந்தாவில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கும்போது ஹெப்சிபாவுக்கு, கல்யாண வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவளைப் போல இருக்கும்.

இந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து புது உத்தரவு வந்தது. கவிதை, கட்டுரை என்று எல்லோருக்கும் பொதுவாக நடத்திய இங்கிலீஷ் இனி வேண்டாம். பிள்ளைகள் எதைப் படிக்கிறார்களோ அந்தப் பாடத்தை வைத்தே இங்கிலீஷைச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு ஒரு பாடத்திட்டம் போட்டுக் குழுவின் முன்னால் வையுங்கள் என்று. கல்லூரி முதல்வர் அம்மா ஹெப்சிபாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். திட்டம் சரிப்பட்டு வராவிட்டால் இங்கிலீஷ் நேரத்தைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கொடுத்துவிடுவார்களாம். அங்கே பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மெஷின் சொல்லும், இதுகள் திருப்பிச் சொல்லும்.

"உங்களுக்கும் மாடி ஏறுற கஷ்டம் மிச்சம்" என்றார் முதல்வர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் ஹெப்சிபாவுக்குத் தைத்தது.

அவள் ராப்பகலாக உட்கார்ந்து திட்டத்தைப் போட்டாள். நூலகத்தில் செவிலியர் பாடப் புத்தகங்களை எடுத்து, இருதயம், சர்க்கரை, புண், காய்ச்சல், வலி என்று ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாள். ஒவ்வொரு பகுதியிலும் நடுநடுவே வார்த்தைகளை உருவிவிட்டுக் கோடிட்ட இடம் ஆக்கினாள். அடியில் பயிற்சிகள். பொருத்துக, திருத்துக, சரியா தவறா. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் 'நோக்கம்' என்ற கட்டத்துக்கு வரும்போது மட்டும் கை நின்றது. இதைப் படித்தால் பிள்ளை பேசிவிடுமா? அவளுக்கே சத்தியம் பண்ண முடியவில்லை.

அப்போதுதான் தில்ஷாத் மேடத்தின் நினைப்பு வந்தது.

தில்ஷாத் பேகம் அதே பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகத்தில் இருந்தார். மீன்வளம் படிக்கிற பையன்களுக்கு மீனையும் வலையையும் வைத்தே இங்கிலீஷ் பாடத்திட்டம் போட்டவர். அந்தப் பையன்கள் இப்போது இங்கிலீஷிலேயே சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று பேச்சு. முன்னொரு சமயம் வாத்தியார்களுக்கான பயிற்சி ஒன்றில் ஹெப்சிபா அவரிடம் படித்திருக்கிறாள். அன்றே மனசுக்குள் குரு என்று வைத்துவிட்டாள். வயதில் தில்ஷாத் மேடம் இவளுக்குச் சின்னவர். அதனால் அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை மேடம் என்பாள். இரண்டு பேருக்கும் அது உறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் தாள்களை எடுத்துக்கொண்டு போனாள். மேடம் அஸர் தொழுகையில் இருந்தார். முடியும்வரை ஹெப்சிபா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, என்ன விஷயம் என்று மேடம் கேட்டார். ஹெப்சிபா ஒன்று விடாமல் சொன்னாள். கம்ப்யூட்டர் அறையைச் சொன்னாள். தன் ஏக்கத்தையும் சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"எந்தப் பாடத்தை வச்சா மேடம் பிள்ளைங்க பேசும்?"

தில்ஷாத் மேடம் அத்தனை தாள்களிலிருந்தும் கைக்கு வந்த ஒன்றை உருவினார். அது வலியைப் பற்றிய பாடம்.

வயதான ஒரு அம்மா. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வார்டில் கிடக்கிறாள். நர்ஸ் வந்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறாள். ஒன்றுமே இல்லாவிட்டால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் கேட்பார்கள். அம்மா எட்டு என்கிறாள். மாத்திரை கொடுத்த பிறகும் எட்டு என்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறாள். மகனுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. அதோடு பகுதி முடிந்து, கீழே பயிற்சி ஆரம்பித்தது.

மேடம் நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்துத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"மீதி எங்கக்கா?"

"அவ்வளவுதான் மேடம். பயிற்சிக்கு அது போதும். பக்கமும் நிறைஞ்சிட்டு."

"மகன் வந்தானா?"

ஹெப்சிபா விழித்தாள். "தெரியல மேடம். அது நம்ம பாடத்துல வரல."

மேடம் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு கடல் இந்த வருஷம் எவ்வளவு உள்ளே வந்துவிட்டது, சாளை மீன் என்ன விலை விற்கிறது என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எழுந்திருக்கும்போது ஹெப்சிபாவுக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க கேட்டதுக்குத்தான் அக்கா நானும் கேட்டேன்."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வருத்தம்தான். பெரிய இடத்து ஆள், நம்மைப் போல ஒருத்திக்கு உட்கார்ந்து விளக்க நேரம் ஏது என்று நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் அந்தக் கேள்வி, காலில் குத்திய நெருஞ்சி மாதிரி கூடவே வந்தது.

மறுநாள் அதே பாடத்தை வகுப்பில் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் குனிந்தார்கள். பேனாக்கள் ஓடின. மணி அடிக்க வெகுநேரம் இருக்கும்போதே எல்லோரும் முடித்துவிட்டார்கள். திருத்திப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் முழு மார்க். உருவிய வார்த்தை ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஹெப்சிபாவுக்குச் சந்தோஷம். சந்தோஷத்தோடு சந்தோஷமாக, சும்மா கேட்டுப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பற்றித் தகவல் யாருக்குப் போனது என்று.

வகுப்பு திகைத்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முன் பெஞ்சு ரோஸ்லின் எதற்கும் அசராதவள். "மேம், ஆப்ஷன் குடுங்க மேம், கண்டுபிடிச்சிருவோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, அது சிலபஸில் இல்லை என்று முணுமுணுத்தாள். பாடத்தில் ஓர் அம்மா இருந்ததே பாதிப் பேருக்கு நினைவில்லை.

காலையில் இதே பிள்ளைகளை ஆஸ்பத்திரி வார்டில் பார்த்திருக்கிறாள் ஹெப்சிபா. எந்தக் கட்டிலில் யார், யாருக்கு எந்த ஊர், யாருடைய மருமகள் கஞ்சி கொண்டுவந்தாள், யாரைப் பார்க்க யாருமே வரவில்லை என்பதெல்லாம் அதுகளுக்கு விரல்நுனியில். வகுப்புக்குள் நுழைந்ததும் அந்தக் கண் எங்கே போகிறது?

பிறகு, மனசு மெல்லச் சொன்னது: நீ மட்டும் பார்த்தாயா? நீயும்தானே அந்தத் தாயைக் கதவைப் பார்க்கவிட்டுவிட்டுப் பொருத்துக போட்டாய்?

மறுபடியும் தில்ஷாத் மேடத்திடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை. ரோஸ்லின் ஆப்ஷன் கேட்டதற்கு மட்டும் லேசாக உதடு விரிந்தது.

"இப்ப நான் என்ன செய்யட்டும் மேடம்?"

தில்ஷாத் மேடம் ஒரு பேனாவை எடுத்தார். உருவப்பட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாக, அழகான கையெழுத்தில், அதனதன் இடத்தில் எழுதி நிரப்பினார். பிறகு இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தாளின் கீழ்ப்பாதியை, பயிற்சி முழுவதையும், ஒரே வெட்டாக வெட்டினார். வெட்டியதைத் தன் இழுப்பறையில் போட்டு மூடினார். மேல்பாதியை ஹெப்சிபாவிடம் நீட்டினார்.

"இதைக் கொடுங்க."

"கொடுத்துட்டு?"

"ஒண்ணும் செய்யாதீங்க."

"ஒரு மணி நேரமுமா?"

"ஒரு மணி நேரமும்."

"பிள்ளைங்க சும்மா இருந்துச்சுன்னா?"

"நீங்களும் சும்மா இருங்கக்கா."

ஹெப்சிபா தாளைப் பார்த்தாள். அது பிள்ளை மொட்டையடித்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. மீதிப் பாடத்தைத் தானே நூலகத்தில் படித்து வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்போல இருந்தா படிங்க" என்றார் மேடம்.

அவள் நூலகத்துக்குப் போகத்தான் செய்தாள். புத்தகத்தை அலமாரியிலிருந்து உருவினாள். பக்கத்தையும் கண்டுபிடித்தாள். ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. ஒரு தாய் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். மகன் வந்தான் என்று இருந்தால் சரி. வரவில்லை என்று இருந்துவிட்டால்? முதல் தடவையும் பக்கம் நிறைந்துவிட்டது என்று இங்கேதான் நிறுத்தினாள். பக்கம் நிறைந்தது உண்மைதான். அது மட்டும்தான் காரணமா என்று அவள் தன்னை அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வகுப்பில் மொட்டைத் தாளைக் கொடுத்தாள். பிள்ளைகள் பேனாவைத் திறந்துகொண்டு தாளைத் துழாவினார்கள்.

"மேம், இதுல என்ன செய்யணும் மேம்?" என்றாள் ரோஸ்லின்.

"நத்திங்."

ரோஸ்லின் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மேமுக்கு இன்று உடம்பு சரியில்லை போல என்று கண்ணாலேயே சொன்னாள். ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாக்பீஸை எடுத்தாள், வைத்தாள். வகுப்பில் சும்மா இருப்பது இவ்வளவு பாடு என்று அவள் கண்டதில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வேறு வழியில்லாமல் பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த அமைதியில்தான் போன் அடித்தது.

ஹெப்சிபா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. வராந்தாவுக்கு ஓடினாள். ரூபன்தான். எந்த நாட்டுக் கரையோ, குரல் விட்டுவிட்டு வந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அந்த இன்ஜின் சூடு எப்படி என்று கேட்டாள். அவன் பதிலுக்குக் கேட்டிருப்பான். அவள் சொன்னது, திறந்திருந்த ஜன்னல் வழியாக, வகுப்பு முழுவதும் கேட்டது.

"எனக்கென்னடா, நல்லா இருக்கேன். முட்டா? அதெல்லாம் எப்பவோ சரியாயிட்டு. மாடியெல்லாம் ஓடி ஏறுதேன்."

போன் அறுந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து, மெதுவாக உள்ளே வந்தாள். எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி பெஞ்சில் இசக்கியம்மாள் என்று ஒரு பிள்ளை. தமிழ் வழியில் படித்து வந்தது. பிரசன்ட் மேம் சொல்வதற்கே பக்கத்தில் இருப்பவள் முழங்கையால் இடிக்க வேண்டும். அது வாசித்த வரிமேல் விரலை வைத்தபடி தலையைத் தூக்கியது.

"மேம், இந்த அம்மாவோட மகன் வந்தானா?"

தமிழில்தான் கேட்டது. ஹெப்சிபாவின் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவளுக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை.

"ஐ டோன்ட் நோ" என்றாள்.

டீச்சர் ஒருத்தி தனக்குத் தெரியாது என்று சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. உடனே ஆளுக்கொன்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வலிக்கு மருந்து கொடுத்தும் ஏன் எட்டு? அது இடுப்பு வலியாக இருக்காது. எங்கள் வார்டில் இருக்கிற பாட்டையாவும் இப்படித்தான், மகள் வந்துவிட்டால் முனகவே மாட்டார். மகன் வெளியூரில் இருக்கிறானோ என்னவோ. வராத மகன் என்றால் தகவல் சொல்லாமலே விட்டிருக்கலாம், பாவம். வகுப்பு காய்கறிச் சந்தை மாதிரி ஆகிவிட்டது. அத்தனையும் தமிழ். ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லை.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. இசக்கியம்மாள் மட்டும் அருகில் வந்து, எந்தப் புத்தகம் என்று கேட்டுப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஹெப்சிபா ஜெபத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பேச வேண்டும் என்று கேட்டேன் ஆண்டவரே, பேச வைத்துவிட்டீர். இங்கிலீஷில் என்று கேட்டேனே.

பாடத்திட்டக் குழுவின் நாள் வந்தது. அவள் அத்தனை தாள்களிலும் கோடிட்ட இடங்களை நிரப்பி, பயிற்சிகளை எடுத்துவிட்டு, வெட்டிய பாடங்களின் மீதியையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தாள். வலிப் பாடத்தின் மீதியை மட்டும் ரோஸ்லினை விட்டு நகல் எடுத்து, வாசிக்காமலே வைத்துத் தைத்தாள். குழுவில் இருந்த ஒருவர், கேள்வி ஒன்றையும் காணோமே என்று புரட்டிப் பார்த்தார். கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள் என்றாள் ஹெப்சிபா. அவர்கள் கூடிப் பேசி, ஒரு பருவம் நடத்திப் பார்க்கட்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் அறை எங்கேயும் ஓடிப்போய்விடாது என்றார் முதல்வர் அம்மா. ஆனால் 'நோக்கம்' கட்டம் காலியாக இருக்கிறது, அதை நிரப்பி அனுப்புங்கள் என்று திட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை வகுப்புக்கு மாடி ஏறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் முன்னாலேயே ஓடிவிட்டார்கள். படிக்கட்டில் ஆள் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி ஏறி, நின்று, மூச்சுவிட்டு, அடுத்த படி. திருப்பத்தில் நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம். வார்டிலிருந்து நேராக வந்த இசக்கியம்மாள். வெள்ளை உடுப்பு, வியர்த்த முகம்.

வழக்கம்போல ஒதுங்கிப் போய்விடும் என்று ஹெப்சிபா நினைத்தாள். அது போகவில்லை. பக்கத்தில் நின்றது. எச்சிலை விழுங்கிக்கொண்டது.

"மேம். ஐ ரெட்."

ஹெப்சிபாவின் கை கைப்பிடியை இறுக்கியது.

இசக்கியம்மாள் சொன்னது. ஒவ்வொரு வார்த்தையாக, சேற்றில் கல்லைத் தேடிக் கால் வைக்கிறவளைப் போல. சன் கேம், மேம். மகன் வந்தான். சன் ஆஸ்கிங், அம்மா, பெயின்? மதர் டெல்லிங், நோ பெயின். ஜீரோ. வலியே இல்லை என்று மகனிடம் சிரித்தாளாம் அந்த அம்மா. சன் ஹேப்பி. சன் கோயிங். அவன் போன பிறகு நர்ஸ் வந்து கேட்டால் மறுபடியும் எட்டு. பெயின் இஸ் சேம், மேம். அதனால்தான் புத்தகத்தில் போட்டிருக்கிறது, சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போது நோயாளியிடம் வலியைக் கேட்காதே, அவர்கள் போன பிறகு கேள் என்று.

நாலைந்து இடத்தில் தப்பு. ஹெப்சிபாவின் வாய் திருத்துவதற்குப் பழகிய வாய். அன்று அது திறக்கவில்லை.

இசக்கியம்மாள் படிக்கட்டின் மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்தது. யாரும் இல்லை. பிறகு ஹெப்சிபாவின் வலது முட்டைப் பார்த்தது. தமிழில் கேட்டிருந்தால் அது டீச்சரிடம் அதிகப்படியாகப் பேசினதாக ஆகியிருக்கும்.

"மேம், சன் இஸ் நாட் ஹியர். யுவர் பெயின். அவுட் ஆஃப் டென், ஹவ் மச்?"

அன்று சாயங்காலம் ஹெப்சிபா தில்ஷாத் மேடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் பாடத்திட்டம். குழு ஒத்துக்கொண்டதைச் சொன்னாள். மேடம் நல்லது என்றார். நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்கத்தான் வந்தேன் என்றாள். மேடம் திட்டத்தைத் தொடவில்லை.

"அது கிடக்கட்டும். மகன் வந்தானாக்கா?"

அப்போதுதான் ஹெப்சிபாவுக்கு உறைத்தது. முதல் நாளிலிருந்தே இந்த மனுஷி உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்.

படிக்கட்டில் நடந்ததைச் சொன்னாள். பிள்ளை சொன்னதைப் பிள்ளை சொன்ன மாதிரியே, அதே இங்கிலீஷில், அதே தப்புகளோடு சொன்னாள். சன் கேம். சன் ஆஸ்கிங். மதர் டெல்லிங். தில்ஷாத் மேடம் முக்காட்டு நுனியை விரலில் சுற்றியபடி, சின்னப் பிள்ளை கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்விவரை வந்து ஹெப்சிபா நிறுத்திக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா இதுக்குத்தான் மேடம் ஜெபம் பண்ணினேன்."

"என்ன பதில் சொன்னீங்க?"

ஹெப்சிபா தலை குனிந்தாள். "வகுப்புக்கு நேரமாயிட்டுன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்."

வெளியே மகரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தில்ஷாத் மேடம் எழுந்து வந்து, மேசையைச் சுற்றி, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாடத்திட்டத்தை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"பத்துக்கு எத்தனைக்கா?"

ஹெப்சிபாவின் கை தானாக முட்டின்மேல் போயிற்று. கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.